நீ அனுப்பிய மின்நூல் கருவியின் நிறைகுறை

ஹாமர்,
ஈஸ்டர் முடிந்த வியாழன்

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும், ஏரிக்கரை வீடும், மலைக்குடிலின் கூரையும் நலமாக இருக்கிறோம். கூரையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் அது எங்கள் இருவரையும்விட நன்றாகவே குளிர்காலத்தைத் தாண்டியிருக்கிறது. அங்கே பெர்த்தில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீயும் நலம் என்று உன் வாயால் கேட்டால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள்.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய மின்நூல் கருவியைப் பற்றி, "நல்லா இருக்குன்னு சும்மா சொல்லாதப்பா, நிறை குறை ரெண்டையும் எழுது" என்று கேட்டிருந்தாய். மலையில் பத்து நாள் அதோடு வாழ்ந்துவிட்டேன், இனி எழுதலாம். முதலில் நிறை. நாற்பது நாவல்களும் சேர்ந்து ஒரு சின்ன ரொட்டியின் எடைதான். குடிலுக்கு ஏறும் கடைசி இரண்டு கிலோமீட்டர் பனியில் முதுகில் பை சுமப்பவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஆரஞ்சை உரித்துக்கொண்டு, கண் கூசும் வெயிலில் வாசித்தாலும் எழுத்து காகிதம் போலவே தெரிகிறது. குறை என்று பார்த்தால், அடுப்புப் பற்றவைக்க உதவாது. கொலையாளி யார் என்று முப்பதாம் பக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் நாவல்களை நம் குடிலில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். இதில் மோசமான நாவலும் நல்ல நாவலும் ஒரே மரியாதையோடு உள்ளேயே கிடக்கின்றன. பக்கத்துக் குடில் ஆஸ்பியோர்னுக்கு இரவல் கொடுக்கவும் முடியாது, ஆனால் அதை நான் நிறையில் சேர்த்திருக்கிறேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன டோர்லைவ், ரொட்டி வெட்டுற பலகையை எடுத்து வச்சுப் படிக்கிற அளவுக்கு வந்துட்டியா?" என்று கேட்டார். அன்று முதல் வீட்டில் அதற்குப் பெயர் பலகை.

பெரிய குறை என்று நான் நினைத்தது வேறு. அதில் பக்க எண் இல்லை, சதவீதம்தான். ஈஸ்டருக்கு எல்லோரும் ஒரே கொலைக்கதையைப் படிப்பதும், கடைசி அத்தியாயத்துக்கு முன் கொலையாளியின் பெயரைச் சீட்டில் எழுதிக் காப்பி டப்பாவில் போடுவதும், மிக மெதுவாகப் படிப்பவர் இருக்கும் பக்கத்தைத் தாண்டிச் சாப்பாட்டு மேசையில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதும் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம் சட்டம். இந்த வருடம் நான் பலகையில், அம்மா காகிதத்தில். அதனால் வாய் திறக்கும் முன் நான் கணக்குப் போட வேண்டியிருந்தது. பெரிய வியாழன் மதியம் எந்தப் பக்கம் என்று கேட்டேன், நூற்று நாற்பது என்றாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம், ஆகவே முப்பத்து நான்கு சதவீதம். நான் முப்பத்தெட்டில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். புனித வெள்ளி காலை மறுபடி கேட்டேன். தொண்ணூற்றாறாம் பக்கம் என்றாள்.

நில அளவையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான், அளவு தவறினால் முதலில் என் கருவியைத்தான் சந்தேகிப்பேன். இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன். கருவி சரியாகவே இருந்தது. பிறகு அவளைக் கவனித்தேன். கடிகாரம் போல ஒரே சீராகப் பக்கம் புரட்டுகிறாள், நடுவில் வரும் தீவின் வரைபடத்துக்கும் அதே நேரம்தான். போன வருடம் அவள் சீட்டில் எழுதியிருந்தது நினைவிருக்கிறதா? மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலையாகிவிட்ட பாதிரியாரின் பெயர். ஒவ்வொரு வருடமும் ஜெயிக்கிறவள் இந்தத் தடவை நம்மைக் கேலி செய்கிறாள் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சுன்னிவா, அவள் அன்று சிரிக்கவில்லை, அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. முப்பது வருடம் மருந்துக்கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவள், அச்செழுத்து தெரியவில்லை என்று யாரிடம் சொல்வாள்?

நானும் ஒன்றும் கேட்கவில்லை. பலகையால் கண் வலிக்கிறது என்று சத்தமாக அலுத்துக்கொண்டேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், பக்கத்துக்கு ஏழே வரி வரும் அளவுக்கு. வெயில் பட்ட பெஞ்சில் ஓர் ஆரஞ்சோடு வைத்துவிட்டு, பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஆஸ்பியோர்ன் குடிலுக்குப் போய் இரண்டு மணி நேரம் அவருடைய முழங்கால் அறுவைச் சிகிச்சைக் கதையைக் கேட்டேன். என் திருமண வாழ்வில் நான் செய்த தியாகங்களில் இதை முதலில் எழுதிக்கொள். திரும்பி வந்தபோது அம்மா மடியில் காகிதப் புத்தகம், பலகை வைத்த இடத்தில் வைத்தபடி. ஆனால் ஆரஞ்சு இல்லை, தோல்தான் இருந்தது. பலகையில் முப்பத்தெட்டு சதவீதம் நாற்பத்து நான்கு ஆகியிருந்தது.

சனிக்கிழமை அவளே வந்தாள். "உனக்குத்தான் கண்ணு வலிக்குதே டோர்லைவ், இந்தப் பலகை சும்மா கிடந்து என்ன பண்ணப்போகுது, நான் வச்சுக்கறேன். நீ புத்தகத்தைப் படி" என்றாள். அன்றைக்கு மூன்று வேளையும் என்னிடம் பக்கம் கேட்டாள். "இன்னும் அங்கேயேதானா? நீ படிக்கிறியா, எழுத்துக்கூட்டுறியா?" என்றும் கேட்டாள். ஞாயிறு மாலை டப்பாவைத் திறந்தோம். கலங்கரை விளக்கக் காவலரின் மைத்துனி என்று அவள் சீட்டில் இருந்தது. அந்த மைத்துனியேதான் கொலையாளி. என் சீட்டைப் பற்றி எழுத இந்தத் தாளில் இடம் போதாது.

ஆகவே பலகையின் நிறை குறைகளைப் பற்றி இனி உன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும், அது என் கைக்கு வருவதில்லை. செவ்வாய்க்கிழமை அவளாகவே கண் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, அடுத்த புதன் பதினோரு மணிக்கு எனக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். எனக்குத்தான். "உன்னைத் தனியா அனுப்ப முடியாது, கூட வர்றேன். போறது போறோம், என் கண்ணையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லிட்டேன்" என்றாள். நான் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சம்மதித்தேன், உடனே சம்மதித்தால் சந்தேகப்படுவாள்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அம்மாவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. என் கண்ணைப் பற்றிக் கேள், அவள் காதில் விழும்படி, கவலையாகக் கேள்.

இப்படிக்கு,
கண் வலியால் அவதிப்படும்
உன் அப்பா
டோர்லைவ்