ஒரு மாத லீவு போதவில்லை

மச்சான்,

இன்று காலை நம் மகள் விலங்கியல் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்தாள். விந்தணு உருவாகும் பாடம். அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. மீன் அலசிக்கொண்டிருந்த நான்தான் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

துபாய் ரொட்டிக்கடையில் நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்பீர்கள். எப்போதாவது ஒரு மாத லீவு. வந்த வாரமே பரிசோதனை. ஒவ்வொரு முறையும் அணுக்கள் குறைவு. குழந்தை இல்லையென்று உங்கள் அக்கா என்னைச் சாடை பேசியபோது, சோற்றில் கை வைத்தபடியே சொன்னீர்கள்: "கொற என்கிட்டதான் இருக்கு. அவள ஒண்ணும் சொல்லாதீங்க." அப்படிச் சொல்கிற ஆம்பளையை நம் தெருவில் நான் பார்த்ததில்லை.

பிறகுதான் காரைக்காலுக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா விளக்கினார். விந்தகத்தின் நுண்குழல்களில் மூலசெல்கள் பெருகி, குரோமோசோம் பாதியாகி, வால் முளைத்து, மேலே சுருண்டிருக்கும் குழாயில் தங்கி நீந்தும் பக்குவம் பெற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகுமாம். உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும், அதனால்தான் அது வெளியே பையில் இருக்கிறதாம். "லீவுல வந்து நீங்க குடுத்தது, அங்க அடுப்புகிட்ட நின்னப்ப உருவானதுங்க," என்றார். ஊரில் தங்கிப் பாருங்கள், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

எத்தனை லீவை வீணாக்கினோம்! வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளி வீட்டில் கல்யாணம், வைத்தியம் எல்லாமே லீவுக்குள் முடிந்தாக வேண்டுமே. டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், "நான் போகல. கேட்டா விசா முடிஞ்சிருச்சுன்னு சொல்லிரு," என்றீர்கள். சொந்தக்காரர்கள் ஏசியபோதும் வாய் திறக்கவில்லை. சில மாதத்தில் பரிசோதனை நன்றாக வந்தது. அடுத்த வருடம் இவள் பிறந்தாள்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் அக்கா இவள் காதுபடவே, பிழைக்கத் தெரியாத மனுசன், கிடைத்த வேலையைத் தொலைத்தான் என்றார். அன்றிலிருந்து இவள் உங்கள் பேச்சையே எடுப்பதில்லை. இன்று அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்றீர்கள், தெரியும். இவ்வளவு வருடம் நான் மட்டும் பெருமைப்பட்டது போதும்.

"வாப்பா எனக்காகவா வேலைய விட்டாங்க?"

"ஆமா."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, மாமி வீட்டுக்கு, அதான் உங்கள் அக்கா வீட்டுக்கு, போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நான் தடுக்கவில்லை.