பொன்னம்பலத்துக்கு வரும் உமது கடிதங்கள்

வெள்ளவத்தை
16.03.1999

அன்புள்ள நாகேஸ்வரிக்கு,

நான் சுகம். நீரும் சுகம் என்று மேல்மாடிப் பொன்னம்பலம் சொன்னார். என் மனிசியின் சுகத்தை எனக்கு அறிவிக்க இப்போது அவர்தானே இருக்கிறார். இந்தக் கடிதமாவது அவருடைய கண்ணாடிக்குக் கீழால் போகாமல் உம்மிடம் வரட்டும் என்றுதான் தபாலில் போடுகிறேன்.

அவருடைய கொம்பியூட்டருக்கு உமது ஈமெயில் வருகிற நாளில் மனுசன் தலை வாரி இழுத்து, பவுடர் பூசிக்கொண்டுதான் படியிறங்குவார். அச்சடித்த தாளை என் கையில் தரமாட்டார், தானே வாசிப்பார். ரொறன்ரோக் குளிருக்கு உமது முழங்கால் இறுகுகிறதாம். அங்கே விற்கிற மாவில் புட்டு உதிரவில்லையாம். அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தவன் நான், செய்தி வாசிக்கிறவர் அவர். ஞாயிறு தவறாமல் வந்த உமது டெலிபோன் கோலும் நின்றுவிட்டது. எங்கள் லைனில் வெளிநாடு எடுக்கவும் ஏலாது. நல்லாய்த்தான் கொதித்தேன்.

எனக்கும் ஈமெயில் வேண்டும் என்று, மருமகன் அனுப்பிவிட்ட தன் பழைய கொம்பியூட்டருக்குள் இன்டர்நெட் கொம்பனியின் சீடியைப் போட்டேன். இந்த விண்டோஸ் பழசு, சரிவராது என்றது. புறக்கோட்டையிலிருந்து கொம்பியூட்டர் திருத்துகிற மஹ்ரூப்பைப் பிடித்துவந்து, பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போடுவித்தேன். அதற்குப் பிறகு, போன் லைனில் கொழுவுகிற மொடெமை வேறொருவர் பாவிக்கிறார் என்று காட்டியது. வீட்டில் நானும் பல்லியும்தான். பொன்னம்பலம் மேலேயிருந்து எங்கள் வயரில் கொக்கி போட்டுவிட்டார் என்று, சமைக்க வரும் றோஸியிடம் சொன்னேன். அவள் போய் அதை அவரிடமே கேட்டுவிட்டாள்.

போன ஞாயிறு மனுசன் சிரித்துக்கொண்டே வந்து என் கதிரையில் இருந்தார். கொம்பியூட்டரை ஏன் துவாயால் மூடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அது இடைக்கிடை தானாகக் கீச்சிடும், சளி பிடித்திருக்கிறது போல என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கீச்சிட்டது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செல்லையாண்ணை, அது அக்காவின்ரை கோல். நீங்கள் எடுக்க முதல் இது எடுக்குது."

மருமகன் தன் கந்தோர் வேலைக்குப் போட்ட ஃபக்ஸ் புரோகிராம் உள்ளே குந்திக்கொண்டு மொடெமைப் பிடித்து வைத்திருந்ததாம். இன்டர்நெட்டை விடாததும் அதுதான், மணி அடிக்க முதலே உமக்குக் கீச்சிட்டதும் அதுதான். அணைத்தால் திரும்ப எழும்பாது என்ற பயத்தில் நான் அதை வந்த நாளிலிருந்தே போன் லைனில் கொழுவி இரவு பகலாக ஓடவிட்டிருந்தேன். நீர் என்னை மறந்துவிட்டீர் என்று எனக்குக் கோபம். நீரோ, நான் வேண்டுமென்று போனைக் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தீராம். நான் சண்டை பிடித்தால் வாயால் அல்லவோ பிடிப்பேன்.

அப்போதுதான் பொன்னம்பலம் இத்தனை நாளும் வாசிக்காமல் விட்டதைச் சொன்னார். பேரனைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஆறு மாதம் நிற்கச் சொல்லி மகள் ரூபிகா கேட்கிறாளாம். எனக்கு மனவருத்தமோ என்று பக்குவமாக விசாரித்துச் சொல்லும்படி அவருக்கு எழுதியிருந்தீராம். என்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், மனுசன் முழங்காலையும் புட்டையும் மட்டும் வாசித்திருக்கிறார்.

ஃபக்ஸைத் தூக்கியாயிற்று. எனக்கும் ஒரு ஈமெயில் விலாசம் கிடைத்துவிட்டது. அதை நான் அனுப்ப முதல் அவரே உமக்கு அனுப்பிவிட்டார். அதிலும் முந்திவிட்டார், பாரும்.

ஆனால் இதை அவர் எழுதக்கூடாது. என் மனவருத்தத்தை அவரிடம் கேட்டீர், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுமொழி என்னிடம் அல்லவோ இருக்கிறது. ஓம், மனவருத்தம்தான். பிள்ளைக்கு அங்கே உதவி வேண்டும் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், ஓம், வருத்தம்தான்.

பேரனுக்கு என் ஆசீர்வாதம். அவன் கெதியாக வளர வேண்டும் என்று தினமும் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். உம்மை விடுகிற அளவுக்காவது வளரட்டும்.

உமது,
செல்லையா