அஞ்சாவது நாசில்

மே 3, 1983. செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் கண்ணைக் கூசுகிறது. சங்ககிரிக் கோட்டை மலை வெளிறிக் கிடக்கிறது.

மாமாவின் ஜெர்மன் கார். பெட்ரோல் வண்டிதான், ஆனால் கார்புரேட்டர் கிடையாது. லாரி மாதிரி நாசில் வழியாகப் பீய்ச்சும். பத்து வருஷப் பழசு. மெட்ராஸில் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது.

நோய்:
- காலையில் சாவி திருப்பினால் உடனே எடுக்கும்.
- ஓடிச் சூடேறி, நிறுத்திப் பத்து நிமிஷத்தில் திருப்பினால் எடுக்காது.
- முக்கால் மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும்.

நேற்று குமாரபாளையத்தில் இளநீர் குடிக்க நிறுத்தினோம். எடுக்கவில்லை. தறிக்காரர்கள் நான்கு பேர் தள்ளினார்கள். ஒருவர்: "ஏனுங்க, சீமைக் காருக்கும் தள்ளுறது நாங்கதானுங்களா?" மாமா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காரின் கையேட்டை என் மடியில் போட்டார். முழுக்க ஜெர்மன்.

"நீதான் படிச்சிருக்கயே கண்ணு."

எம்.ஏ.வோடு ஆறு மாத ஜெர்மன் சான்றிதழ் வகுப்பு. பாதி நாள் போகவில்லை. இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

மே 4. புதன்

காற்றே இல்லை. ராசு வந்தார். மாமாவின் லாரிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் மக்கர் என்று சொல்லிவிடுவார். பெட்ரோல் கார் அதிகம் தொட்டதில்லை.

பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தார். விரலால் எண்ணினார்.

"ஏனுங்க தம்பி, சிலிண்டர் நாலு. நாசில் அஞ்சு இருக்குது. இந்த அஞ்சாவது எதுக்குங்க?"

கையேட்டில் அதன் படம் இருந்தது. கீழே ஒரே சொல், சரக்கு ரயில் நீளத்துக்கு. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சும்மா. ஸ்பேர் மாதிரி."

"வெள்ளைக்காரன் சும்மா ஒண்ண வெப்பானுங்களா?"

"புஸ்தகத்துல அப்படித்தானுங்க போட்டிருக்கு."

"அப்பச் சரிங்க." அதோடு அதை விட்டுவிட்டார்.

அவர் தீர்ப்பு: லைனில் ஏர் புடிச்சிருக்கு. டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்த லாரிக்குச் செய்வதுதான் வழி. நாசில் நட்டைத் தளர்த்தி, சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்து, காற்றெல்லாம் கக்கி எண்ணெய் வந்ததும் இறுக்குவது. 'ஏர் எடுக்கிறது.' இந்த ஊரில் கிளீனருக்குக்கூடத் தெரிந்த வேலை.

"நாளைக்கு வண்டியச் சூடு பண்ணி வெச்சிருங்க. வாரேனுங்க."

மே 5. வியாழன்

நடந்ததை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறேன்.

மூன்று மணி. திருச்செங்கோடு வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். இன்ஜின் கொதித்தது. நிறுத்தினேன். பத்து நிமிஷம் கழித்துத் திருப்பினால் எடுக்கவில்லை. ராசு குனிந்து முதல் நட்டைத் தளர்த்தினார். நான் உள்ளே, சாவியில்.

"செல்ஃப் அடிங்க."

அடித்தேன்.

"நல்லா அடிங்க தம்பி."

அடித்தேன்.

டீசல் என்றால் சூடான இரும்பில் வழிந்து புகையும். அவ்வளவுதான். இது பெட்ரோல். தீப்பிடிக்கும்.

ஒரு சத்தம். ஈரத் துணியை உதறினது மாதிரி. பானெட் மறைத்தது, எனக்கு எதுவும் தெரியவில்லை. கை சாவியைத் திருப்பியபடியே இருந்தது, பெட்ரோல் இன்னும் பீய்ச்சியது. எத்தனை நொடி? இரண்டா? நான்கா?

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" மாமாவின் குரல்.

மண். சாக்கு. மாமா ஓடியது. ராசுவின் வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. புருவங்கள் இல்லை. அவர் கத்தவில்லை. கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றார்.

லாரியில் ஏற்றி சேலம், பெரிய ஆஸ்பத்திரி.

கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பெயிண்ட்கூட அதிகம் போகவில்லை.

மே 6. வெள்ளி

சாப்பிட அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள்.

பஸ் நிற்கும் இடத்து டீக்கடை. என் முதுகுக்குப் பின்னால்:

"பீடியப் பத்த வெச்சுக்கிட்டே வேலை பாத்திருப்பான்."

"பின்ன? தானா எரியுமாக்கும்?"

ராசுவுக்கு பீடிப் பழக்கம் கிடையாது. சொல்லத் திரும்பினேன். டீ கிளாஸ் சுட்டது. சொல்லவில்லை.

மாலையில் மாமாவும் அதையே சொல்கிறார். "பீடியாத்தான் இருக்கும். உம்மேல தப்பில்ல கண்ணு." அவர் அங்கேதான் நின்றிருந்தார். பார்த்தவர். ஒரே நாளில் ஒரு பொய் இப்படி இறுகுமா?

டாக்டர் சொன்னதாக: உயிருக்குப் பயமில்லை. விரல் மடங்குமா என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

ஸ்பானர் பிடிக்கிற கை.

மே 7. சனி

கையேடு. அதே பக்கம். அதே நீளச் சொல். பள்ளிக்கூடத்தில் செய்யுளைப் பதம் பிரிக்கிற மாதிரி பென்சிலால் கோடு போட்டேன்.

கால்ட் / ஷ்டார்ட் / வென்டீல்.

குளிர். துவக்கம். வால்வு.

கால்ட்! முதல் வாரத்துச் சொல். 'இன்று குளிராக இருக்கிறது' என்று பத்து முறை எழுதியிருக்கிறேன்.

ஆறிய இன்ஜினுக்கு மட்டும் கூடுதல் பெட்ரோல் தருவது. சூட்டில் மூடியே இருக்க வேண்டும். அஞ்சாவது அதற்குத்தான்.

பேட்டரி ஒயரைப் பிரித்தேன். இரண்டு திருகுதான். கழற்றி, லாரி நாசில் சோதிக்கும் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் கைப்பம்பில் மாட்டி மெதுவாக அழுத்தினார். நுனியில் ஒரு சொட்டு. இன்னொன்று.

"மூடவே மாட்டேங்குதுங்க. ஒழுகுது."

வண்டியை நிறுத்திய பிறகும் இது சொட்டியிருக்கிறது. சூடான இன்ஜினுக்குப் பெட்ரோல் மிஞ்சிப்போய் எடுக்கவில்லை. முக்கால் மணியில் ஆவியாகிப் போனதும் எடுத்தது. லைனில் ஏர் என்று ஒன்று இருக்கவே இல்லை.

"ராசு கண்ணுல பட்டிருந்தா அப்பவே புடிச்சிருப்பான்" என்றார் பட்டறைக்காரர்.

பட்டது. கேட்டார். நான்தான்.

மே 8. ஞாயிறு

சேலம். வார்டில் டெட்டால் வாசனை, மாம்பழ வாசனை. ராசுவின் மனைவி பழனியம்மாள் விசிறிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கட்டு.

"பீடின்னு பேசிக்கறாங்களாமா?" என்னைப் பார்க்காமல் கேட்டார். "இந்த மனுசன் ஊட்டுல ஊதுபத்தி பத்த வெக்கறதுக்கே என்னையக் கூப்புடுவாருங்க."

"உடு புள்ள" என்றார் ராசு. "தம்பி, வண்டி சூட்டுல எடுத்துச்சுங்களா?"

பையிலிருந்து அஞ்சாவது நாசிலை எடுத்து மெத்தையில் வைத்தேன். சொன்னேன். இது ஸ்பேர் இல்லை. புத்தகத்தில் அப்படி எங்கேயும் போடவில்லை. எனக்குப் படிக்கத் தெரியவில்லை, மறைத்தேன். பதினைந்து சொல்கூட ஆகவில்லை.

இடது கையால் எடுத்தார். நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தெரியலைன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே இதைக் கழட்டிப் பாத்திருப்பனுங்க."

கோபம் இல்லாத குரல். வண்டியில் என்ன வேலை என்று விளக்குவாரே, அந்தக் குரல்.

விசிறி நின்றிருந்தது.

"இதை அந்த டீக்கடையில வந்து சொல்லுவீங்களா சாமி?" பழனியம்மாள்.

நாலரை பஸ். சங்ககிரியில் இறங்கினேன். கடையில் ஏழெட்டுப் பேர். பெஞ்சில் மாமா. டீ நீட்டினார்கள், வாங்கவில்லை.

"பீடி இல்லீங்க. புஸ்தகம் எனக்குப் படிக்கத் தெரியல, மறைச்சேன். சாவி என் கையில இருந்துச்சு."