அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய இடம்

என் வள்ளிக் கண்ணுக்கு,

நீ போய் ஆறு வருஷமாகிறது. போன வெள்ளிக்கிழமை எங்கள் வீரபாண்டிப் பள்ளிக்கூடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. நினைத்தால் இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி கர்ப்பமாகிற குறும்படம் ஒன்று சிடியில் கிடைத்தது. பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு அதைப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உனக்குச் சிரிப்பு வரும். இனப்பெருக்கப் பாடம் வந்தால், "ஊட்டுல போய்ப் படிச்சுக்குங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவுகிறவள்தானே உன் அக்கா? நீ போன பிறகும் அப்படியேதான் இருந்தேன். இந்த வருஷம்தான் துணிச்சல் வந்தது.

தலைமையாசிரியர் தயங்கினார். "ஏனுங்க டீச்சர், படம்னா புள்ளைங்க மனசு கெட்டுப் போயிராதுங்களா? பெத்தவங்க கேட்டுல வந்து நின்னா நான்தானுங்க பதில் சொல்லோணும்." அவர் பயம் பொய்யில்லை. எனக்கும் பயம்தான். கடைசியில், "நானும் பின்னால உக்காந்துக்கறனுங்க. சரியில்லீன்னா இதோட நிறுத்திக்கலாமுங்க" என்றார்.

படம் முடிந்தது. முன்பெஞ்சுக்காரி ஒருத்தி, "அந்தப் புள்ளைக்குக் கொழுப்புங்க டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியர் செருமிக்கொண்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், "சரி, தப்பு எங்கே நடந்தது? சொல்லுங்கள்" என்று கேட்டு வைத்தேன்.

எஸ்தர் எழுந்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனில் குறை தெரிகிற இடத்தில் ஒட்டுவார்களே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அது ஒரு கட்டு அவள் பையில் இருந்தது. "இன்னொருக்கா போடுங்க டீச்சர். தப்பு வார இடத்துல நிறுத்தச் சொல்லுதோம்" என்றாள். தலைமையாசிரியர் மறுபடி உட்கார்ந்தார்.

பைக்கில் வருகிற பையன் சத்தியம் செய்கிற இடத்தில் படத்தை நிறுத்தி, டிவி திரையில் ஓர் அம்பு ஒட்டினார்கள். அப்புறம் அந்த இடம் வந்தது. படத்துப் பெண் துணி மடிக்கிற சித்தியிடம், நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று கேட்பாள். "படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பாள் சித்தி. எத்தனை முறை பார்த்தாலும் அங்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகள் அதைக் கவனிக்கவா போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நிறுத்துங்க டீச்சர்!"

ஒருத்தி இல்லை, பத்துப் பேர். வரிசையாக வந்து ஒட்டினார்கள். சித்தியின் முகமே மறைந்துபோனது. கொழுப்பு என்று சொன்னவளும் வந்து ஒட்டினாள். "பனியன்ல கோடு விழுந்தா தச்சவளையா ஏசுவாவ? துணி பின்னுத நிட்டிங் மிசின்லயே ஊசி ஒடஞ்சிருக்கும்லா டீச்சர்" என்றாள் எஸ்தர். அசந்து நின்றுவிட்டேன். பதினைந்து வயசில் இத்தனை தெளிவு எங்கிருந்து வந்தது?

அந்தப் படத்துப் பெண் கேட்டதையேதான் நீயும் என்னிடம் கேட்டாய், இல்லையா கண்ணு? நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றேன். பத்தாம் நாள், கருவைக் கலைக்க யாருக்கும் தெரியாமல் எதையோ வாங்கி விழுங்கியிருந்தாய். மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். பயாலஜி டீச்சர் வீட்டில் இப்படி!

அன்றைக்கு அந்தப் பெண்களிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், உன் பேரோடு. யாரும் குசுகுசுக்கவில்லை. எஸ்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அப்புறம் முன்பெஞ்சுக்காரிதான் கேட்டாள்: "நாள் தள்ளிப்போனா என்னங்க டீச்சர் அர்த்தம்?" முப்பத்தெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னேன். யாரிடம் போக வேண்டும், எதை விழுங்கக் கூடாது, எல்லாம் சொன்னேன். மணி அடித்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அடுத்த வாரம் பசங்களுக்கும் போட்டுருங்க டீச்சர். அவுங்களும் ஒட்டட்டும்."

டிவியிலிருந்து அம்புகளை உரித்தபோது ஒன்றை மட்டும் எடுத்துவந்து, நான் இதுவரை தாண்டிப் போன அந்த இனப்பெருக்கப் பாடத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இனி எந்தப் பிள்ளை கேட்டாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ கேட்டபோது நிமிர்ந்து பார்க்காத,
உன் அக்கா