பதினெட்டு வேண்டாம், மிசுஹோ

மட்சுமோட்டோ
டிசம்பர் 2

அன்புள்ள தோஷிரோவுக்கு,

நலமா? ஹகுபாவில் இந்நேரம் உன் சறுக்குப்பலகைக் கடைக் கூரையில் பனி ஏறியிருக்கும். இங்கே வெறும் குளிர்தான். போனில் பேசினால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். கடிதத்தைக் கிழித்துப் போடாதே. வருகிற மே மாதம் நான் அராதாவைக் கல்யாணம் செய்துகொள்கிறேன். பள்ளியில் இசை சொல்லித் தருகிறவர். பனிச்சறுக்கிலும் கெட்டிக்காரர். பனியில் கட்டிய குதிமேடையிலிருந்து எகிறிக் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகவே இறங்குவார். இந்த வருஷம் என்னோடு ஆழப்பனிச் சரிவுகளுக்கும் வர ஆசைப்பட்டுப் புதுப் பலகை வாங்கியிருக்கிறார். பூட்ஸைப் பலகையோடு கவ்விப் பிடிக்கும் பைண்டிங்கை நீதான் தேர்ந்தெடுத்துப் பொருத்தித் தர வேண்டும்.

நம் கல்யாணம் எட்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. நீ பொருத்திய பைண்டிங் மட்டும் இன்றைக்கும் என் முழங்காலைக் காப்பாற்றுகிறது. வேறு யாரிடம் போவேன்?

அன்புடன்,
மிசுஹோ

ஹகுபா
டிசம்பர் 6

அன்புள்ள மிசுஹோ,

வாழ்த்துகள். கடிதத்தைக் கிழிக்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

முன்னாள் மனைவியின் மாப்பிள்ளைக்குப் பைண்டிங் பொருத்துகிறவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்து நூடுல்ஸ் கடை ஷிகே விஷயத்தைக் கேட்டுவிட்டு, "திருகாணிய ரெண்டு சுத்து லூசா விட்டுருடா" என்கிறான். விடமாட்டேன், பயப்படாதே.

அவருடைய எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடியின் நீளம் எல்லாம் எழுது. மலையில் நடந்து ஏறுவாரா, லிஃப்டில் மட்டும்தானா? எடையை அவர் வாயால் கேட்காதே. தராசில் ஏற்றிப் பார்.

தோஷிரோ

மட்சுமோட்டோ
டிசம்பர் 11

அன்புள்ள தோஷிரோ,

தராசு என்றதுமே ஆள் குளிக்கப் போய்விடுகிறார். எழுபத்தைந்து கிலோவாம், எழுதிக்கொள். மற்ற அளவுகளைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். நடந்தும் ஏறுவோம்.

ஒரு சிக்கல். பதினெட்டு வரை இறுக்கக்கூடிய பைண்டிங்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். கூடக் குதிக்கிறவர்கள் எல்லோரிடமும் அதுதான் இருக்கிறதாம். "ஆகாசத்துல பலகை கழண்டுச்சுன்னா நீயா பறந்து வந்து மாட்டுவே?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

மிசுஹோ

ஹகுபா
டிசம்பர் 15

அன்புள்ள மிசுஹோ,

பதினெட்டு வேண்டாம். எண் ஏற ஏற பைண்டிங் காலை விடாது. விழும்போது விடாவிட்டால் முழங்கால் போகும். ரொம்பக் குறைத்தாலும் வம்பு: குதித்து இறங்கும்போதே கழன்று ஆளைத் தூக்கி எறியும். அவருக்கு எட்டு, ஒன்பதுக்குள்தான் வரும். பதின்மூன்று வரை போகிற பைண்டிங்கில் அது நடுவாந்திரம். பதினெட்டு வரை போவதில் அடிமட்டம்; அங்கே ஸ்பிரிங்கை நம்ப முடியாது. மேடையில் குதிக்கிறவருக்குப் பெரிய எண் முக்கியமில்லை. அடி விழும்போது முன்கவ்வி கொஞ்சம் இளகிக் கொடுத்து, உடனே தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். நான் தேடுவது அதைத்தான்.

ஏறும்போது குதிகாலை விட்டுவிட்டு, இறங்கும்போது இறுக்கிப் பூட்டிக்கொள்கிற வகையும் இருக்கிறது. அதற்குப் பூட்ஸ் முனையில் குழிகள் வேண்டும். பார்க்காமல் சொல்ல முடியாது. ஆளை நேரில் அனுப்பு. முகம் தெரியாதவர் காலுக்கு எண் வைக்க எனக்குக் கை வராது. அதிலும் இவர் காலுக்கு.

தோஷிரோ

மட்சுமோட்டோ
டிசம்பர் 27

தோஷிரோ,

இந்தத் தடவை 'அன்புள்ள' கிடையாது.

பள்ளி விடுமுறை விட்டதுமே அராதாவை அனுப்பினேன். ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். மறுநாள் போன்: "அண்ணன் ஒரு சரிவு காட்டுறேன்னாரு." அதற்கு அடுத்த நாள்: "நல்லாப் பனி கொட்டியிருக்கு, அண்ணன் சொல்றாரு..." நீ எப்போது அவருக்கு அண்ணன் ஆனாய்?

புத்தாண்டுக்கு வீட்டைத் துடைக்க வேண்டும். ஜன்னல்கள் அப்படியே கிடக்கின்றன. நான் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது பழக்கம் என்று உனக்குத் தெரியும். இதற்காகவா இன்னொரு கல்யாணம்? என் ஆளைத் திருப்பி அனுப்பு.

மிசுஹோ

ஹகுபா
டிசம்பர் 29

அன்புள்ள மிசுஹோ,

நாங்கள் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. பதிலை அராதாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

வந்த அன்று முதல் வேலையாகத் தராசில் ஏற்றினேன். எண்பத்து மூன்று. "அண்ணே, அவகிட்ட சொல்லிராதீங்க" என்றான். சொல்லிவிட்டேன். பூட்ஸில் குழிகள் இருந்தன; ஏறவும் இறங்கவும் ஆன வகையையே போட்டேன். பின்பக்கமாகவும் சறுக்குகிறவன் என்பதால் வழக்கத்தைவிடப் பலகையின் நடுவுக்குப் பக்கமாகத் துளையிட்டேன். எண் எட்டரை. "இவ்ளோதானா?" என்று முகம் தொங்கிப்போனது.

நேற்று மேல்சரிவில் ஒரு பாறையிலிருந்து குதித்தான். காற்றில் அழகாகத்தான் இருந்தான், ஒப்புக்கொள்கிறேன். இறங்கிய இடத்தில் பனிக்கடியில் ஏதோ தட்டி, கால் ஒருபக்கமாகத் திருக, தலைகுப்புறப் போனான். இவனுக்கு ஏதாவது ஆனால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்றுதான் முதலில் தோன்றியது. கீழே இறங்குவதற்குள் அதுவும் மறந்துபோய், "எந்திர்றா, எந்திர்றா" என்று கத்திக்கொண்டே போனேன். பலகை கழன்று தனியே கிடந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது, பிறகு தலை. வாய் நிறையப் பனியோடு சிரிக்கிறான்: "எட்டரையே போதும்ணே!"

நல்லவன், மிசுஹோ. லிஃப்டில் உட்கார்ந்தால் உன் பேச்சுத்தான். குளிரில் உனக்கு எந்த முழங்கால் வலிக்கும், கோபம் வந்தால் கத்துவாயா, பேசாமல் இருப்பாயா என்று கேட்டுக்கொண்டே வருவான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

இன்று இடுப்பளவு புதுப் பனி. இந்தப் பருவத்திலேயே ஆகச் சிறந்த நாள். உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். "கழட்டு" என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்ணே. இப்படி ஒரு பனி திரும்ப வருமா?"

"அதெல்லாம் வரும். கெளம்புடா. அங்க அவ சோத்த மூடி வெச்சிட்டு உக்காந்திருக்கா."

முணுமுணுத்துக்கொண்டே பலகைகளைக் கட்டுகிறான். இதோ, ரயிலுக்குக் கொண்டுபோய் விடப் போகிறேன். ஏறி உட்காரும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

ஜன்னல்களை அவனையே துடைக்கச் சொல். நல்ல உயரம், ஸ்டூல் வேண்டியிருக்காது.

மே மாதம் என்று எழுதினாயே தவிர, எந்தத் தேதி என்று எழுதவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டும், முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
தோஷிரோ