பனவேஜிஸை விட்டு வரமாட்டேன்

அன்புள்ள அம்மா,

முழங்காலைப் பற்றி மறுபடியும் கேட்காதே.

கூடைப்பந்து போதும், அமெரிக்காவுக்குத் திரும்பிவிடு என்கிறாய். இங்கே லிதுவேனியாவின் பனவேஜிஸ் நகரில் எங்கள் பயிற்சியாளர் வைடோட்டசும், "வயசாயிடுச்சுப்பா, ஓரமா உக்காரு" என்றார். நேற்றைய ஆட்டத்தில் இளம் ஆட்டக்காரன் ஒருவன் அடிபட்டதும் அவரே என்னைக் களத்தில் இறக்கினார். கடைசி நொடியில் நான் எறிந்த பந்து கூடைக்குள் விழவில்லை. தோற்றோம்.

நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன். மீன் விற்கும் டானுட்டே வழிமறித்தாள். "ஏய் அமெரிக்கா, மூஞ்சியத் தூக்கு! அடுத்த ஆட்டத்துலயும் நீதான் எறியணும்!"

காலையில் எல்லாருக்கும் முன்னால் பயிற்சிக்குப் போய் நின்றேன். வைடோட்டஸ் முறைத்தார். "வீட்டுக்குப் போகலியா?" என்றார்.

"வீட்லதான் நிக்கிறேன்" என்றேன். பந்தை என்னிடம் எறிந்தார்.

என் அறையைத் தம்பி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு.

உன் பிடிவாதத்தோடு பிறந்த
மூத்த மகன்