ஏழாம் நம்பர் சேம்பு மாமா வீட்டில் இருக்கிறது

அன்பு மகள் கெலேராவுக்கு அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நாயும் பன்றிகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நெதர்லாந்துக் குளிரில் நீயும் காலுக்கு உறை போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சாயங்கால ஜெபத்திலும் உன் பேரைச் சொல்கிறேன். இங்கே தவெயூனித் தீவில் மழை விட்டபாடில்லை, துவைத்த துணி நாலு நாளாக வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது, அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் பூஞ்சை பூத்துவிட்டது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் கத்துவாய், நான் பயந்துபோய் உளறிவிடுவேன். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது, நானும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடலாம். அதனால் முதலில் சாப்பிடு, அப்புறம் உட்கார்ந்து மேலே படி.

விஷயம் நீ சோதனைக்காக நம் தோட்டத்தில் நடச் சொன்ன ஏழாம் நம்பர் சேம்பைப் பற்றியது. அது நம் தோட்டத்தில் இல்லை. பதறாதே, சாகவில்லை, ஆனால் நம் தோட்டத்தில் இல்லை. அன்றைக்குத் திங்கட்கிழமை நீ அப்பாவைக் கூப்பிட்டு, காய வைத்து அனுப்பின இலைகளையெல்லாம் சோதித்துப் பார்த்தாயிற்று, நீ இத்தனை வருஷமாகத் தேடின மரபணு ஏழாம் நம்பரில்தான் இருக்கிறது, சமோவாவில் சேம்பையெல்லாம் தின்று தீர்த்த அந்த இலை நோய் நாளைக்கு நம் தீவுக்கு வந்தாலும் இது நிமிர்ந்து நிற்கும், சூவா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கன்றுகள் ஜனவரிப் புயல் வெள்ளத்தில் அழுகிப்போனதால் உலகத்திலேயே மிச்சம் இருப்பது நம் வேலியோரம் நிற்கிற அந்த ஒரு தூர்தான், கண்ணைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாயே, பாதியில் லைன் அறுந்ததே, அது அறுந்துபோகவில்லை. அப்பாதான் போனை அணைத்தார். ஈரப்பலா மரத்தடியில்தானே நம் ஊரில் போன் எடுக்கும், அங்கேயே வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார், முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் நீ கூப்பிட்டது திங்கட்கிழமை, முதற்பலன் படைக்கிற ஞாயிறு அதற்கு முந்தின நாள்.

உனக்கு இப்போதே புரிந்திருக்கும், ஆனாலும் எப்படி நடந்தது என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் ஆறும். மரபணு என்றால் என்ன என்று போன வருஷம் நீ அப்பாவுக்குப் போனில் விளக்கிச் சொன்னாய் பார், அங்கேதான் வினை ஆரம்பித்தது. தாய்ச்செடி பலாவுத் தீவு, தகப்பன் செடி சமோவா, இரண்டின் குணமும் பிள்ளைக்கு வரும் என்று சொன்னாயாம். அப்பாவுக்கு அது பாடமாகத் தோன்றவில்லை, வம்சாவளியாகத் தோன்றிவிட்டது. அன்று முதல் கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஏழாம் நம்பரின் தாய்வழி என்ன, தகப்பன்வழி என்ன, எந்தத் தீவுக்கு அது என்ன முறை வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார். எட்டாம் நம்பரையும் மூன்றாம் நம்பரையும் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அவை ஏதோ வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஏழாம் நம்பரும் இவர் புகழப் புகழ ஆள் உயரம் வளர்ந்தது, அதுவும் ரோட்டுப் பக்கத்து வேலியோரம். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். முதற்பலனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை உன் தாய்மாமா, நம் ஊர்த் தலைவர் ராத்து ஈசிகேலியும் அந்தப் பக்கம் போனார், நின்றார், பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போனார். தலைவர் பேசாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

நான் சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு சர்ச்சுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வேலியோரம் ஒரு பள்ளம். புதுச் செடியின் முதல் கிழங்கை ஆண்டவருக்கும் தலைவருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது, ரோட்டுக்கே தெரிகிற கொழுத்த கிழங்கை மறைத்துவிட்டுப் பழைய நோஞ்சானைக் கொண்டுபோய் வைக்கவா முடியும் என்று அப்பா என்னையே கேட்டார். சரி, கிழங்கை வெட்டிக் கொடுத்துவிட்டுத் தலையையும் பக்கக் கன்றுகளையும் நட்டிருக்கலாமே என்று கேட்டேன். தண்டும் இலையும் இல்லாமல் மொட்டைக் கிழங்கைக் கொண்டுபோய்த் தலைவர் முன்னால் வைக்க நான் என்ன சந்தைக்காரனா என்று அதற்கும் கோபம். அதனால் தண்டோடு, இலையோடு, பக்கக் கன்று ஒன்று விடாமல் அப்படியே பெயர்த்து, சேறு கழுவி, தோளில் தூக்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் குவியலுக்கும் மேலே அது ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்பா மண்டியிட்டு அதன் வம்சாவளி முழுவதையும் பலாவு தொடங்கி நம் வேலி வரைக்கும் சொல்லிப் படைத்தார், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெருமை சொல்வதுபோல. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா முறைப்படி கை தட்டி ஏற்றுக்கொண்டார். மதியம் அந்தக் கிழங்கைக் குழியடுப்பில் சுட்டுத் தேங்காய்ப் பாலோடு பரிமாறினார்கள், நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். நாக்கு அரிக்கவில்லை, மாவாக உதிர்ந்தது, உள்ளே இளம் ஊதாவாக இருந்தது. உன் ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றால் எழுதிக்கொள். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், அதையும் எழுதிக்கொள்.

தலையும் கன்றுகளும் மாமா பங்கில் போயின. உன் போன் வந்த மறுநாளே அப்பா ஒரு கட்டு கவா வேரைக் கையில் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனார். மச்சான்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கேலி செய்வார்கள் என்று உனக்குத் தெரியும், அன்றைக்குக் கேலி ஒரு பக்கமாகத்தான் நடந்தது. "ஏன் மச்சான், சாமி முன்னாடி வெச்சுக் குடுத்தத திருப்பிக் கேக்க வந்திருக்கியே, உன் கை என்ன கடல் அலையா, கொண்டாந்து போட்டுட்டு மறுபடி இழுத்துட்டுப் போக?" என்று மாமா கேட்டாராம். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு நம் வீடு வரைக்கும் கேட்டது. அதிலிருந்து அப்பா தெருவில் போனால் சின்னப் பையன்கள்கூடக் கையை அலை மாதிரி ஆட்டிக் காட்டுகிறார்கள்.

அடுத்த வாரம் சூவாவிலிருந்து நிலையத்து அதிகாரி கப்பல் ஏறி வந்தார், நீதான் அவரை அனுப்பியிருப்பாய். நல்ல மனிதர், பாவம், பிளாஸ்டிக் பைகளும் ஈரப் பஞ்சும் எடுத்து வந்திருந்தார். மாமா அவரை மரியாதையாக உட்கார வைத்துக் கவா கொடுத்தார், பிறகு இன்னும் மரியாதையாக இன்னும் கொடுத்தார், அதிகாரி வந்த காரியத்தைச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அடுத்த கிண்ணம் வந்தது. மதியத்துக்கு மேல் அவருக்குக் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு அவரை லாரியில் ஏற்றி, மடியில் ஒரு கட்டுச் சாதாரணச் சேம்பையும் வைத்துத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உபசாரத்துக்கு நன்றி என்று சேதி அனுப்பியிருக்கிறார்.

கடைசியில் நான்தான் போக வேண்டியதாயிற்று. எனக்கோ அவர் கூடப்பிறந்த அண்ணன், வயது வந்த நாள் முதல் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை, நம் வழக்கப்படி பேசவும் கூடாது. வழக்கமாக அவர் மனைவி, உன் அத்தை லோசலினி, நடுவில் உட்கார்ந்து நான் சொல்வதை அவரிடமும் அவர் சொல்வதை என்னிடமும் சொல்லுவாள். ஆனால் அத்தை இப்போது மாமாவோடு பேசுவதில்லை. காரணமும் ஏழாம் நம்பர்தான். மாமா கன்றுகளையெல்லாம் சமையலறைக்குப் பின்னால் நட்டு, பழைய மீன் வலையும் தகரமும் வைத்து வேலி கட்டியிருக்கிறார். அத்தை செல்லமாக வளர்த்த பன்றி அந்த வலையில் ஒரு தடவை மூக்கை நுழைத்தது, அன்று சாயங்காலமே அது குழியடுப்புக்குள் போய்விட்டது. அன்றைக்கு வாயை மூடின அத்தை இன்னும் திறக்கவில்லை. ஆக அந்த வீட்டில் இப்போது பேச்சுத் துணைக்கு இருப்பது அவர்கள் வீட்டு மஞ்சள் பூனை ஒன்றுதான், அதுவும் என்ன செய்யும், எல்லோரும் அதனிடம்தான் பேசுகிறார்கள். நானும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பூனையைப் பார்த்து, என் மகள் ராப்பகலாகப் படித்துக் கண்டுபிடித்தது, அவளுக்கு அது வேண்டும், ஊருக்கும் நாளைக்கு அது வேண்டும், உன் எஜமானர் மனசு வைக்கக்கூடாதா என்று கேட்டேன். மாமா பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் காதைத் தடவினார். பிறகு பூனையிடம் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கோ. இந்த வீட்ல கேக்காம கை வெச்சு எடுத்துட்டுப் போற உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு. அவ தாய்மாமன் வீடு இது. நாலு வருஷமா ஒரு கோழியக்கூட எடுத்துட்டுப் போகல அவ. இப்ப ஆபீசரை அனுப்புறா. வேணும்னா அவளே வரட்டும், அவ கையால பிடுங்கட்டும். அதுவரைக்கும் நான் காவல் இருக்கேன்."

கெலேரா, நான் பாயின் நெசவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பூனைதான் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. உனக்கு நினைவு இருக்கிறதா, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ரக்பி ஆட்டம் பாதியில் இருக்க நீ உள்ளே நுழைந்து அவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். மருமகள் எடுத்ததை மாமன் தடுக்கக் கூடாது, திருப்பிக் கேட்கவும் கூடாது. மீதி ஆட்டத்தை மழையில் நனைந்துகொண்டு நம் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார் அந்த மனிதர். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லாத விருந்து கிடையாது. பிள்ளை இல்லாதவர், எடுக்க ஆள் இல்லாத வீட்டில் எவ்வளவு இருந்து என்ன. நீ கோபப்படுவாய், அவர் செய்வது அநியாயம்தான், உன் படிப்பு என்ன விளையாட்டா என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன், அது கோபத்தில் இல்லை.

கன்றுகள் நன்றாக இருக்கின்றன. அப்பா தினமும் காலையில் அந்தப் பக்கமாகச் சும்மா நடப்பதுபோல் நடந்து, வலைக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு வந்து புது இலை விட்டதா என்று சொல்கிறார். மாமா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம், ஒருநாள் தேங்காய் மட்டையைத் தூக்கி எறிந்தாராம். அப்பாவைத் திட்டாதே, சரியாகச் சாப்பிடுவதில்லை, உன் போன் வந்தால் தோட்டத்துக்கு ஓடிவிடுகிறார். உனக்கு அங்கே கோடை விடுமுறை ஜூலையில்தானே, அதற்குள் கன்றுகளும் பிடுங்கி எடுக்கிற பக்குவத்துக்கு வந்துவிடும். ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே, அந்தக் குளிர்ப் பெட்டி ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போ, பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டு புரியும்.

இன்னும் ஒன்று, இது உன்னோடு இருக்கட்டும். கையில் திமிங்கலப் பல்லை வைத்துக்கொண்டு கேட்டால் எந்தத் தலைவராலும் இல்லை என்று சொல்ல முடியாது, உன் மாமாவாலும் முடியாது. அது அப்பாவுக்கும் தெரியும். பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு நம் வீட்டுப் பல்லைத் தேடிக்கொண்டே இருக்கிறார், தன் ஞாபகத்தைத் தானே திட்டிக்கொள்கிறார், நானும் கூடவே விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுகிறேன். அது கிடைக்காது. என் படுக்கைப் பாய்க்கு அடியில் இருக்கிறது. நீ வந்து இறங்குகிற அன்றைக்குத்தான் அதை வெளியே எடுப்பேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து, கடலும் வானமும் தாண்டிப் பத்திரமாகக் கூட்டி வருவாராக. வரும்போது மாமாவுக்கு அது வாங்கவா இது வாங்கவா என்று சுமந்துகொண்டு வராதே. வெறுங்கையோடு வா. எடுத்துக்கொண்டு போகத்தானே வருகிறாய்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
உனைசி